கழுதைகளுக்கு வைத்த பொங்கல்

"நீ கழுதை மேய்க்கத்தான்டா லாயக்கு" என்று அப்பா என்னைத் திட்டாத நாளே கிடையாது. அவர் வாக்கு பொய்க்கவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான்கு வருஷம் கழுதை மேய்த்தேன், அதுவும் தோட்டத்தை நடத்திய துரை கையால் நியமனம் வாங்கி.

எங்கள் மேல்மலைக்கு லொறி ஏறாது. உரமூட்டை மேலே போகவும் கொழுந்துச் சாக்கு கீழே வரவும் துரை, மன்னார்ப் பக்கமிருந்து ஆறு பெட்டைக் கழுதைகளையும் ஒரு ஆண் கழுதையையும் இறக்கினார். அவற்றைப் பெருக்கிப் பண்ணையாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் என்னைக் 'கழுதைக் கங்காணி' என்றார்கள். கேலிதான். நான் அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் நான்கு பெட்டைகள் சினையாக இருந்தன. கழுதை பன்னிரண்டு மாதம் சுமக்கும். நானும் கூடவே சுமந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றின் வயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பேன்.

தை பிறக்கச் சில நாள் முன்பு துரை நுவரெலியாவிலிருந்து புதிதாக ஒரு மட்டக்குதிரை வாங்கி வந்தார். அதற்கு மூக்கு ஒழுகியது. துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் அதைப் பின்பக்கக் கொட்டிலில் தனியாகக் கட்டினார்.

"புதுசா வந்தது. ரெண்டு வாரத்துக்கு யாரோடயும் சேரக்கூடாது" என்றார்.

"என் கழுதைங்களோட கூடவாண்ணே?"

"உன்னோட கூடத்தான்டா."

மாட்டுப் பொங்கலன்று அவர் மஸ்கெலியாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தார். லயத்தில் பசு வைத்திருந்தவர்கள் எல்லாம் கொம்புக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். என் கழுதைகள் அவர்களுடைய பசுக்களைவிட அதிகம் உழைத்தவை. அவற்றுக்கு மட்டும் பொங்கல் இல்லையா? குளிப்பாட்டினேன். நெற்றியில் குங்குமம் வைத்தேன். வெல்லம் போட்டுப் பொங்கி மரத்தொட்டியில் கொட்டி ஆறவிட்டேன்.

அப்போதுதான் என் மண்டையில் அது உதித்தது. எங்கள் தோட்டத்தில் கோயில் திருவிழா என்றால் முதல் மாலை துரைக்கு. அவர் வராவிட்டால் மாலை பங்களாவுக்குப் போகும். துரையின் குதிரை பட்டினி நிற்க, கழுதைகள் பொங்கல் தின்றன என்று யாராவது போட்டுக்கொடுத்தால் என் கதி என்ன? ஓடிப்போய் மட்டக்குதிரையை அவிழ்த்து வந்தேன். அதற்கும் குங்குமம் வைத்து, முதல் மரியாதை அதற்கே கொடுத்தேன். அது தொட்டிக்குள் மூஞ்சியை விட்டுத் தின்றது. நடுவில் ஒரு பெரிய தும்மல் போட்டது. நல்ல சகுனம் என்று கும்பிட்டேன். மிச்சத்தைக் கழுதைகள் தின்றன. கடைசியாக வந்த கூச்சக்காரப் பெட்டை தொட்டியை நக்கியே துடைத்தது.

இருட்டுமுன் குதிரையைப் பழைய இடத்தில் கட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கழுதைகளுக்கு மூக்கு ஒழுகியது, இருமல் வந்தது. ஒரே வாளியில் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சி எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். சுகமாயிற்று. டாக்டருக்குப் படிக்காமல் போனோமே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு காலை கொட்டிலைத் திறந்தால், வைக்கோல்மேல் குட்டி கிடந்தது. முழுதாக வளர்ந்த குட்டி. ரோமம் இருந்தது, குளம்பு இருந்தது, காது இரண்டும் தலையோடு ஒட்டிக் கிடந்தன. மூச்சு மட்டும் இல்லை. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு.

துரை மிருக வைத்தியரை வரவழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குட்டியைப் பார்த்தார், மட்டக்குதிரையைப் பார்த்தார்.

"இது குதிரையிட்ட இருந்து வாற வைரஸ். தாய்க்குத் தடிமன் மாதிரி வந்து போயிடும். வயித்துக்க இருக்கிற குட்டியைக் கொன்றுபோடும். ஒருக்கா உள்ளுக்கை போனா, சாகும்வரைக்கும் உடம்பிலதான் கிடக்கும்" என்றவர் நிமிர்ந்து கேட்டார்: "புதுக் குதிரையை ஆர் இதுகளோட சேர்த்தது?"

துரை குதிரைக்காரரைப் பார்த்தார்.

"தனியாத்தாங்க கட்டியிருந்தேன்" என்றார் அவர்.

நான் அவருக்குப் பின்னால் குனிந்து, காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தேன். காலில் அட்டையே இல்லை.

மாத முடிவோடு அவருக்குப் பத்துச்சீட்டு என்று துரை சொல்லிவிட்டார். அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் வேலை போயிற்று. வேலை போனால் குடியிருக்கும் லயக்காம்பராவும் போயிற்று. பிரஜாவுரிமை இல்லாத எங்களை வேறு தோட்டம் எடுப்பதும் லேசில்லை. இரண்டு நாள் கழித்து அவர் சம்சாரம் தகரப்பெட்டியை வெயிலில் காயவைத்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் பாதிதான் இறங்கியது. உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தபின் அளவையும் சரியாகச் சொல்ல வேண்டுமல்லவா?

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், துரை முன்னால் போய் நின்றேன்.

"குதிரைய அவுத்தது நாந்தானுங்க."

"ஏன் அவுத்தது?" துரைக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும்.

"பொங்கலுங்க. தொரையோட குதிரைக்கு மொத மரியாத குடுக்காம கழுதைக்கு எப்படிங்க குடுக்குறது?"

வேறு நாளாக இருந்தால் பெரட்டுக்களமே சிரித்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. துரை குதிரைக்காரரிடம், "நீ கொட்டிலுக்குப் போ. கழுதையும் நீ பாரு" என்றார். எனக்கு மேல்மலையில் முள்ளுக்குத்தும் வேலை. நீண்ட பற்கள் கொண்ட இரும்பு முள்ளால் மண்ணைக் குத்திப் புரட்டுவது.

வழியில் குதிரைக்காரரை மறித்தேன். "மன்னிச்சிருங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாம..."

"தெரியாமயா? மஸ்கெலியாவுல இருந்து வந்து குதிர நெத்தியில குங்குமத்தக் கழுவுனது யாரு?"

"தொரகிட்ட ஏண்ணே சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். "ரொம்ப நாளு இருந்துட்டேன்."

அந்தக் கூச்சக்காரப் பெட்டை மட்டும் இன்னும் சினையோடு இருந்தது. அவர் அதை ஒரு பழைய கொட்டிலில் தனியாக வைத்து, வேறு வாளி, வேறு சாக்கு என்று பார்த்துக்கொண்டார். என்னைக் கிட்டே விடவில்லை. பங்குனியில் அது உயிரோடு ஒரு குட்டி போட்டதாக மலையில் பேசிக்கொண்டார்கள். அன்று முழுக்க நான் முள்ளுக் குத்திய வரிசைகளைப் பார்த்து, வேலையை மேற்பார்வையிட்ட கண்டாக்கு ஐயாவே ஆச்சரியப்பட்டார்.

மூன்றாம் நாள் குதிரைக்காரர் ஆள் அனுப்பினார். முள்ளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

ஓடையைத் தாண்டி, செத்த குட்டிகளைப் புதைத்த மூன்று மண்மேடுகளுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். காலடியில் சாக்கு மூடிக் கிடந்தது, வெளியே ஒரு சின்னக் குளம்பு மட்டும் தெரிந்தது. மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினேன். இடுப்பளவு வந்ததும் நிமிர்ந்து, போதுமா என்பதுபோல அவரைப் பார்த்தேன்.

"நாய் தோண்டிரும்" என்றார். "இன்னும் ஒரு அடி."