புகைக்கு எண் போட்டவள்

ஜனவரி 6: விறகு 11 டன், புகை எண் 4, விறகு உடைப்போர் 5.
பிப்ரவரி 10: விறகு 11 டன், புகை எண் 4, விறகு உடைப்போர் 5.
மார்ச் 3: விறகு 7 டன், புகை எண் 2, விறகு உடைப்போர் 5.
மார்ச் 31: விறகு 7 டன், புகை எண் 2, விறகு உடைப்போர் 3.

சாயப்பட்டறைக் கொதிகலனின் ஒருநாள் கணக்குகள் இவை. இதில் புகைக்கு எண் போட்டவள் கொதிகலன்காரரின் மனைவி. மூன்று மாதத்துக்குள் புகை அளவுக்கு வராவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று சுற்றுச்சூழல் அலுவலகம் எச்சரித்திருந்தது. தினம் நான்கு வேளை பார்த்து எழுத ஆள் வேண்டும். அவள் வீட்டு மொட்டைமாடிக்கு நேர் எதிரே புகைபோக்கி. கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். வெளிர் சாம்பலில் தொடங்கிக் கன்னங்கறுப்பு வரை ஐந்து கட்டங்கள். புகை எதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் எண்; மூன்று வரை அளவுக்குள். கட்டிய புருஷன் விடும் புகையை எந்தப் பெண்டாட்டி கறுப்பென்று எழுதுவாள் என்று மேலாளர் கணக்குப் போட்டிருந்தார். அவளோ முதல் நாளே நான்கு என்று எழுதி வைத்தாள்.

அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த கொதிகலன்காரர் சாப்பிடும்போதுதான் வாய் திறந்தார்.

"உன் சமையலுக்கு நான் எண் போட்டா தாங்குவியா?"

"தாராளமா. நாளைக்கு நீங்களே சமைச்சு நீங்களே போட்டுக்குங்க."

ஒரு மாதம் பார்த்ததில் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. காலை பத்தேகாலுக்கும் மாலை நாலுக்கும் புகை சொல்லி வைத்தாற்போல் கறுக்கும். இரண்டும் அவர் டீ குடிக்கப் போகிற நேரம். வரும்வரை தாங்கட்டும் என்று அடுப்பைத் தொண்டைவரை அடைத்துவிட்டுப் போவார். மூச்சுவிட இடமில்லாத விறகு எரியாமல் புகையும். அவர் டீக்கடையில் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார் என்பது மாடியிலிருந்தே தெரிகிறது என்றாள். மனுஷன் அசந்து போனார். மறுவாரம் டீயை அடுப்படிக்கே வரவழைத்துக்கொண்டு, விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆரம்பித்தார். புகை வெளுத்தது, விறகும் மிச்சமானது.

மேலாளருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விறகு குறைந்தால் உடைக்க ஆள் எதற்கு? இரண்டு பேரை நிறுத்தினார். ஒருவர் சந்தையில் மூட்டை தூக்கப் போனார். மற்றவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் அக்கா வீட்டு முன்அறையில் வந்து படுத்துக்கொண்டு, அவள் அட்டைதான் தன் சோற்றில் கை வைத்தது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான்.

கொதிகலன்காரருக்கு மனசு இளகியது. "பழையபடி அடைச்சுப் போட்டா மச்சானைக் கூப்பிட்டுக்குவாங்க இல்ல?"

"போடுங்க. நானும் நாலுன்னு எழுதறேன். பட்டறையைப் பூட்டினதும் மூணு பேரும் சேர்ந்து இங்கேயே உக்காந்துக்கலாம். பேச்சுத்துணைக்கு ஆச்சு."

மழைக்காலத்தில் எண் மூன்றுக்கு ஏறியது. விறகு நனைந்திருந்ததுதான் காரணம். விறகை அடுக்கிக் காயவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஜூன் 15 அன்று மேலாளருக்கு எழுதினாள். காலியிடம் இல்லை என்று பதில் வந்தது. ஆகஸ்ட் 3 அன்று, மழை நாள்களின் எண்களை வரிசையாகச் சேர்த்து எழுதினாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். பிறகு அவள் பரிசீலனைக்குக் காத்திருக்கவில்லை. மேலாளரிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கி, படுத்திருந்த தம்பியைக் கிளப்பி, கூலியில்லாமல் பத்து நாள் விறகைத் தகரக்கூரையின் கீழ் அடுக்க வைத்தாள். நனைந்ததைப் பிரித்துக் காற்றாட வைத்து, காய்ந்ததை மட்டும் அடுப்புக்கு அனுப்பினான். பத்து நாளும் எண் ஒன்று. விறகு நாளுக்கு ஆறு டன். அதையும் எழுதி அனுப்பினாள்.

பதிலைத் தம்பிதான் பிரித்து உரக்கப் படித்தான். விறகுக்கிடங்குக்கு அவனையே நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த வரிக்கு வந்ததும் குரல் நின்றது.

"என்னடா?"

"மிச்சம் நல்லால்ல அக்கா."

வாங்கிப் படித்தாள். புகை தொடர்ந்து அளவுக்குள் இருப்பதால் இனி சுற்றுச்சூழல் அலுவலகமே மாதம் ஒருமுறை வந்து பார்க்குமாம். மாடியிலிருந்து பார்க்கும் வேலை இம்மாதத்தோடு முடிகிறது.

"ஒண்ணு ஒண்ணுன்னு நானேதானே எழுதினேன்," என்றாள். "இப்ப யாரைக் கோவிச்சுக்கறது?"

கடிதம் வந்த தேதி: அக்டோபர் 21.