ஓரகத்தியின் புதுக் கார்

ஒரு சலவை நிலையத்தின் வேனை ஓட்டுவதுதான் அவள் வேலை. காலையில் விடுதிகளுக்குப் போய் அழுக்குப் போர்வைகளை அள்ளி வருவாள். மாலையில் வெளுத்து மடித்த மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்தே கை காய்த்துப்போனவள். சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

மாடியில் குடியிருந்த கொழுந்தன் மனைவி லைசென்ஸ் எடுத்த கையோடு காரும் வாங்கிவிட்டாள். வாசலில் அது வந்து நின்ற அன்று வீடே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. இவள் மட்டும் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"போய் ஒரு தடவை பாத்துட்டு வாயேன்," என்றான் கணவன்.

"நான் பாக்காத வண்டியா?"

புது வாசனை போவதற்குள் காரின் பிரேக் கத்தத் தொடங்கியது. தெருமுனையில் வரும்போதே 'கீ...ச்' என்று கேட்கும். கேட்டால் இவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். "புதுக் கார்ல எலி பூந்துடுச்சு போல," என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி கண் கலங்கிக் கீழே இறங்கி வந்தாள். "அக்கா, தெருவே திரும்பிப் பாக்குது. மெக்கானிக்கிட்ட போகணும், கூட வர்றீங்களா?"

வேடிக்கை பார்க்கலாமே என்றுதான் இவள் கிளம்பினாள்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். "பெருசா ஒண்ணுமில்ல. பயந்து பயந்து பிரேக்கைத் தடவிக்கிட்டே ஓட்டியிருக்கீங்க. சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. தேய்ச்சு விட்டிருக்கேன். காலி ரோட்டுல கொஞ்சம் வேகமா போய், நல்லா அழுத்திப் பிடிங்க. திரும்பத் திரும்பப் பிடிச்சா சரியாயிடும்."

"ஐயோ, என்னால ஆகாது. நீங்க ஓட்டுங்கக்கா," என்று ஓரகத்தி சாவியை நீட்டினாள்.

ஊருக்கு வெளியே நேர் சாலை. வேனில் கியர் மாற்றினால் தோள்பட்டை வலிக்கும். இதில் விரல் பட்டாலே போதுமாயிருந்தது. வேகமெடுத்து, பிரேக்கை அழுத்தினாள். முதலில் கீச்சிட்டது; அப்புறம் முனகியது; அப்புறம் சத்தமே இல்லை. ஓரகத்தி கைதட்டினாள். இவள் ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். இத்தனை நல்ல வண்டி, மிதிக்கத் தெரியாதவள் கையில்! தனக்கு இருந்த ஒரே ஆறுதலான அந்தச் சத்தத்தையும் தன் காலாலேயே மிதித்துப் போக்கிவிட்டாளே.

வீட்டு வாசலில் சாவியைக் கொடுக்கும்போது மாடியிலிருந்து கொழுந்தன் சத்தம் போட்டான்: "அண்ணி கை பட்டதும் வண்டி எப்படி அடங்கிடுச்சு பாரு!"

ஓரகத்தியின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் இவளுக்குச் சோறு இறங்கியது.

அடுத்த ஞாயிறு இவளே மாடியேறினாள். "பிரேக் எப்படியிருக்குன்னு ஒரு சுத்து பாத்துடட்டுமா?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

"உனக்குத் தெரியாதும்மா. ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

ஓரகத்தி சாவியைக் கொடுத்தாள். ஆனால் தனியே விடவில்லை; செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்து ஏறினாள். வழி நெடுக, பிரேக்கை மிதிக்கும் இவளுடைய காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.