ஏலக்காரரின் இடது காது

எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் விட்டவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய இடது காதில் செருகியிருந்த பஞ்சுதான். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார், நம்பினோம். அவர் பஞ்சு வைக்கத் தொடங்கியதற்கு இரண்டு வாரம் முன்புதான், வீடுகளைக் கடல் கொண்டுபோகாமலிருக்க, கடலுக்குள் கல் அடுக்கித் தூண்டில் வளைவு கட்டித் தரக் கேட்டு ஊரே சாலையில் உட்கார்ந்திருந்தது. போலீசார் கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினார்கள். வெறும் சத்தம் போட்டுக் கூட்டத்தைக் கலைக்கும் குண்டும் வீசினார்கள். அதில் ஒன்று அவருக்குப் பக்கத்தில் வெடித்தது. ரத்தமில்லை, தையலில்லை. காயம்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. சத்தம்தானே என்று நானே சொல்லியிருக்கிறேன், என் வாயில் மண்ணைப் போட.

நான் கரையில் மீன் வாங்கி இரணியல் பக்கம் வீடு வீடாக விற்கிறவள். ஏலத்தில் மீனைச் சுற்றி வட்டமாக நிற்போம். ஆளாளுக்கு விலை கூவுவோம். இருபது பேர் ஒன்றாகக் கத்தினாலும் எந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குத்தான் அவருக்குக் கூலி.

ஒருநாள் நெய்மீன் வந்திருந்தது. அவருக்கு இடப்பக்கம் நின்று மூன்று முறை விலையை ஏற்றினேன். அவரோ வலப்பக்கம் நின்ற மொத்த வியாபாரிக்கு, என்னைவிடக் குறைந்த விலைக்கு, முடித்துக் கொடுத்துவிட்டார். அந்த வாரத்தில் இப்படி நடப்பது மூன்றாவது தடவை. என் வாய் சும்மா இருக்குமா?

"துட்டு வாங்கிக்கிட்டுல்லா நம்ம சத்தத்தக் கேக்காத மாதிரி நிக்காரு!"

அந்த நெய்மீனைப் பிடித்து வந்த படகுக்காரர் பாய்ந்து ஏலக்காரரின் சட்டையைப் பிடித்தார். "உள்ளதச் சொல்லும் வேய், எவ்வளவு வாங்கினீரு?" கூட்டம் நெருங்கியது. யாரோ துடுப்பைத் தூக்கிவிட்டார்கள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இடப்பக்கமாக நுழைந்து, அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், "வாயத் தொறந்து சொல்லும் அண்ணே!" என்று அலறினேன்.

அவர் திரும்பினார், வலப்பக்கம். கூப்பிட்டது யாரென்று அங்கே தேடினார்.

"விடுங்க அவர! அவருக்க காது கேக்கல்ல. அந்தக் குண்டு வெடிச்ச காது!" என்று கத்தினேன். சட்டையைப் பிடித்த கை விலகியது. துடுப்பும் இறங்கியது. ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று பெருமையாகவே வீட்டுக்குப் போனேன்.

நரம்பு போய்விட்டது, இனி சரியாகாது என்றார் டாக்டர். தலைசுற்றலும் சேர்ந்துகொண்டதால் படகிலும் ஏற முடியாது. படகுக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள், பழம் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு ஏலத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது அவர் கோபமாகப் பேசவில்லை. "கள்ளன்னு சொன்னா நாலு நாள் சண்ட போட்டுட்டு மறுபடியும் கூப்பிட்டிருப்பாவ மக்கா. செவிடன எவன் கூப்பிடுவான்? தெரிஞ்சுதான அடி வாங்க நின்னேன்."



இப்போது அவர் ஐஸ் கட்டி உடைக்கிற கொட்டகையில் பாதிக் கூலிக்கு நிற்கிறார். மீனுக்கு ஐஸ் வாங்க நான் தினமும் அங்கேதான் போக வேண்டும். மன்னித்துவிடும் என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். என்னைக் கண்டதும் அவர் இடது காதை என் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.