மைனஸ் எண்பத்து மூன்று

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போகாத இடத்துக்குப் போய் அளந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால் ஒரு பெண் இறந்துபோனாள். இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை. பேய், முனி, ஆவி எதையும் நானும் நம்பியதில்லை. மின்னணுவியல் படித்து, தொலைபேசித் துறையிலேயே தலை நரைத்தவன். கருவியில் தெரியாத எதுவும் என் வரையில் இல்லாததுதான்.

கைபேசி மலையடிவாரங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம். எங்கெங்கே சிக்னல் கிடைக்கிறது என்று நேரில் போய் அளப்பது என் வேலை. அளவு எப்போதும் மைனஸில்தான் வரும். மைனஸ் எழுபது என்றால் பேச்சு தெளிவாக இருக்கும். மைனஸ் நூற்றுப் பத்தைத் தாண்டினால் ஒன்றும் கேட்காது. பாபநாசத்துக்கு மேலே, அணைக்கு அக்கரையில் ஒரு மலைக்குடியிருப்பு. அங்கே பன்னிரண்டு இடங்களில் அளந்து வரச் சொன்னார்கள். அன்று மழை, படகு ஓடவில்லை. கீழே டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே படிவத்தின் பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். கடைசிக் கட்டம், குடியிருப்புக்கு மேலே இருக்கும் பாறை. அதற்குள் கற்பனை வற்றிவிட்டது. நான் வளர்ந்த விக்கிரமசிங்கபுரம் மில் குடியிருப்பில் எங்கள் வீட்டு எண்ணைப் போட்டேன். எண்பத்து மூன்று.

துறையின் வரைபடத்தில் அந்த மலை, சிக்னல் இருக்கும் இடமென்று பச்சையாகிவிட்டது. பச்சையான இடத்துக்குப் புதுக் கோபுரம் கொடுக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்றபின், பட்டா விஷயமாக ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் பெயர் வேலாயுதம், அதே குடியிருப்புக்காரர். மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது, சிக்னல் இருப்பதாகச் சொன்னார்களே என்று பாறை மேல் ஏறி, காலையிலிருந்து மத்தியானம் வரை போனைத் தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறார். ஆம்புலன்ஸை அழைக்க முடியவில்லை. இறங்கி வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. டவர் கேட்டு மனு கொண்டுவந்திருந்தார்.

"மேப்புல பச்சையால்லா கெடக்கு? ஒம்ம போனை மாத்தும்வே" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார் குமாஸ்தா.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்து நிறுத்தி, "அந்தப் பச்சை நான் போட்டது" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒரு தடவையாவது அந்தப் பாறையில ஏறிப் பாருங்க ஸார்."

அளவுக் கருவி இரவல் கேட்டு, வண்ணார்பேட்டையில் இருக்கும் பழைய சகா சங்கரனிடம் போனேன். அவர் இன்னும் ஒப்பந்தத்தில் அதே வேலையைப் பார்க்கிறார்.

"என்னவே, உம்ம கையெழுத்தைப் பொய்னு நீரே எழுதிக் குடுக்கப் போறீரா? இந்த வயசுல விசாரணைன்னு அலையணுமா?"

"அலையுதேன்."

"கொண்டு போவும். இந்தத் தடவையாவது வடை திங்காம அளந்துட்டு வாரும்."

அந்த வடைக் கதையை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தேன். இருவரும் சேர்ந்து சிரித்தோம் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

வேலாயுதம் வழிகாட்ட, முழங்கால் வலியோடு பதினோரு இடங்களையும் அளந்தேன். எங்கும் ஒன்றுமில்லை. பாறை மேல் ஏறும்போது பகல் பதினோரு மணி, நல்ல வெயில். கருவியில் மைனஸ் எண்பத்து மூன்று என்று காட்டியது.

நம்பினால் நம்புங்கள். உண்மையான சிக்னல் நொடிக்கு நொடி ஏறும், இறங்கும். இது எழுதி ஒட்டியது போல அசையாமல் நின்றது. அணைத்துப் போட்டேன், அதே எண். ஓர் அடி தள்ளி நின்றேன், ஒன்றுமில்லை. திரும்ப வந்து நின்றேன், எண்பத்து மூன்று.

"அன்னைக்கு நீங்க எங்கன நின்னிய?" என்று கேட்டேன்.

"இப்ப நீங்க நிக்குத இடத்துலதான் ஸார்."

கருவியைக் காட்டினேன். விளங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. இந்த எண்ணை எழுதினால் என் பழைய பொய் மெய்யாகிவிடும், டவர் வராது.

"எழுதாதீங்க ஸார். இதையும் இல்லைன்னே போடுங்க."

"மாட்டேன் வேலாயுதம். இந்தத் தாள்ல நான் பாத்ததை மட்டுந்தான் எழுதுவேன்."

"இப்பத்தான் உங்களுக்கு உண்மை வருதாக்கும்" என்று சொல்லிவிட்டு, என்னை விட்டுக் கீழே இறங்கிப் போனார். பன்னிரண்டாவது கட்டத்தில் அதையே எழுதி, பழைய பொய்க்கான ஒப்புதல் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

அந்த ஒரு எண் விசித்திரமாக இருந்ததால்தான் சரிபார்க்க ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் இரண்டு நாள் அளந்தார்கள். பாறையிலும் ஒன்றுமில்லை. "பன்னிரண்டாவது மட்டும் தப்பா எழுதியிருக்கீங்க ஸார்" என்றார் அந்த இளம் பொறியாளர். நான் எழுதிய பொய்கள் பன்னிரண்டையும் கேள்வி கேட்காமல் நம்பிய அலுவலகம், இந்த உண்மையை நம்பவில்லை. நல்லதாகப் போயிற்று. விசாரணைக்குப் போனேன், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மலை பச்சையிலிருந்து வெள்ளையாயிற்று.

காட்டுக்குள் கேபிள் இழுக்க முடியாது. அதனால் செயற்கைக்கோளோடு நேரே பேசும் வட்டத் தட்டும், சூரிய மின்தகடும் வைத்து ஒரு சிறிய கோபுரம் நட்டார்கள். வேலாயுதம் எனக்கு அழைத்தார். நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"கேக்குதா ஸார்?"

"கேக்குது."

வாரம் ஒரு தடவையாவது இப்போது அழைக்கிறார். போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் வெகுநேரம் பேசினார். குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, ஆம்புலன்ஸை அழைத்துப் பேசி முடித்துவிட்டதாகவும், படகு புறப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். என் முழங்காலை விசாரித்தார். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல அவ்வளவு தெளிவு.

மறுநாள் சங்கரனைப் பார்த்தேன்.

"ஒம்ம மலை டவர் நாலு நாளா செத்துக் கெடக்குவே. வெயிலே இல்ல, பேட்டரி காலி. மழை விட்டாத்தான் ஆள் அனுப்பணும்."

தாயும் பிள்ளையும் நலம் என்று பின்னால் தெரிந்தது. எங்கே நின்று பேசினீர்கள் என்று வேலாயுதத்திடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. போனை வைக்கும் முன் அவர் சொன்னது மட்டும் காதில் நிற்கிறது.

"சரி ஸார், வச்சிடுதேன். பாறை வழுக்குது, பையத்தான் எறங்கணும்."