மகாலட்சுமி எந்த ஊர்க் கடிகாரம் பார்க்கிறாள்?

இந்த நியூயார்க்கில் தயிரை ஸ்பூனால் தோண்டித் தின்கிறார்கள்; அடியில் ஜாம் இருக்கிறதாம். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நம் திருத்தணிப் பக்கம் தயிர் வந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது, எழுந்திருக்கலாம் என்று அர்த்தம். இங்கே அதுதான் காலைப் பலகாரம். யுத்தம் முடிந்ததும் கப்பலில் பாத்திரம் கழுவ வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, அந்தத் தயிரைச் செய்வதே பிழைப்பாகிவிட்டது. ஸ்ட்ராபெரி என்கிற புளிப்புப் பழத்தைச் சர்க்கரை போட்டுக் கிளறி, ஆறியதும் கண்ணாடிக் குப்பிகளின் அடியில் ஒரு கரண்டி விட வேண்டும். உறை கலந்த வெதுவெதுப்பான பாலை அதன்மேல் ஓரமாக இறக்க வேண்டும். மூடி போட்டு வெப்ப அறையில் அடுக்கினால் உறைந்துவிடும். பிறகு குளிர் அறை, பிறகு கடை. அவசரப்பட்டு நடுவில் ஊற்றினால் ஜாம் கலங்கிக் குப்பி முழுக்க ரோஸ் கலராகிவிடும். முதல் வாரம் நான் செய்ததெல்லாம் அந்தக் கலர்தான். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். நான் தின்றே தீர்த்தேன்.

வேலைக்கே உலை வைக்கப் பார்த்த விஷயம் வேறு. பனிக்காலத்தில் இங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி ஒருநாள் ஐந்து மணிக்கு முதலாளியின் தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள். அடுத்த தெருவில் அவளுக்கும் ஒரு சின்னத் தயிர்க்கடை. உறை கெட்டுவிட்டது, காய்ச்சிய பால் அண்டா நிறையக் காத்திருக்கிறது என்றாள். முதலாளி என்னிடம், ஒரு ஜாடி உறைமோர் கொடு என்றார்.

எனக்குக் கை வரவில்லை. விளக்கு வைத்தபிறகு உறைமோரை வெளியே கொடுத்தால் மகாலட்சுமியும் கூடவே போய்விடுவாள் இல்லையா? திருத்தணியில் என் மனைவி கனகம்மா, பக்கத்து வீட்டுக்காரி சொம்போடு வந்து நின்றாலும் மசியமாட்டாள். "வெளக்கு வெச்சாச்சிக்கா, கோச்சிக்காத. கார்த்தால வா, சொம்பு நெறைய தர்றேன்" என்பாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "விளக்கு எரிகிறது, தரக்கூடாது" என்றேன். முதலாளி தலைக்குமேல் எரிந்த பல்பை அண்ணாந்து பார்த்தார். ரொம்பப் பொறுமையாகப் போய் அதை அணைத்துவிட்டு வந்து, "இப்போது கொடு" என்றார். எல்லோரும் இருட்டில் நின்றோம். அந்தி நேரத்தில் விளக்கை அணைப்பது அதைவிடப் பாவம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நானே போய்த் திரும்பப் போட்டபோது அவர் முகம் சிவந்திருந்தது. பால் ஆறுகிறது, கொடுக்கிறாயா, வீட்டுக்குப் போகிறாயா என்றார். இந்த வேலையை நம்பித்தான் கனகம்மாவை வரவழைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

குப்பி கழுவிக்கொண்டிருந்த முனிரத்தினம் தலையைத் தூக்கினான். ஆர்.கே.பேட்டைக்காரன், என் அறைத் தோழன்.

"இன்னா பாவா, ரோசன பண்ணிகினு நிக்கிற? இங்கதான் இருட்டு. நம்மூர்ல இப்ப விடிகால மூணரை, கோயி கூவப் போவுது. மகாலட்சுமி எந்த ஊரு கடியாரம் பாக்குறா?"

"நம்மூருதுதான்."

"ஆங், அப்ப குடுத்துத் தொல."

கொடுத்துவிட்டேன். வேலை பிழைத்தது. அன்று தங்கையின் தயிர் கத்தியால் வெட்டலாம்போல உறைந்ததாம். விளக்கை அணைத்துப் போடுவது ஏதோ இந்தியப் பக்குவம் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பளீரென்ற வெயிலில், அவள் இன்னொரு ஜாடி கேட்டு வந்தாள். முதலாளி தாமாகவே போய் பல்பை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் ஜாடியைத் தூக்கியவன் அப்படியே நின்றேன். திருத்தணியில் இப்போது ராத்திரி ஏழரை. முனிரத்தினம் அவசரமாகக் குப்பி கழுவ ஆரம்பித்தான்.

ஜாடியை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். முதுகில் இந்த ஊர் வெயில் பட்டது. அங்கே கனகம்மா விளக்கு வைத்துவிட்டு, யாருக்கோ இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.