ஒபதியாக் கிழவனின் குரல்

வண்டி ஓட்டுவது நான், பேசுவது சிட்னி மாஸ்லென். பல வருஷமாக எங்கள் பிழைப்பு இதுதான். காலையில் சாலிஸ்பரி ரயில் நிலையத்து வாசலில் பதினாறு பேரை ஏற்றிக்கொள்வோம். ஸ்டோன்ஹெஞ்சின் பழங்காலக் கல்வட்டத்தைக் காட்டி, ஏவ்பரியில் சாப்பாட்டுக்கு விட்டு, சாயங்காலம் திரும்பவும் ஊருக்குள் கொண்டுவந்து கதீட்ரல் என்கிற பெரிய தேவாலயத்தைக் காட்டி இறக்கிவிடுவோம். நான் ஸ்வின்டன்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக் காது செத்தவள், அதனால் எவன் பேச்சும் எனக்கு லேசில் உறைக்காது. ஆனால் சிட்னியின் பேச்சு உறைக்கும். மைக்கை எடுத்தான் என்றால் அரண்மனையில் பிறந்து வளர்ந்தவன் என்றுதான் நினைப்பீர்கள்.

அவன் பிறந்தது அர்ச்ஃபாண்ட் கிராமத்தில், மாட்டுப் பண்ணை வேலையாள் வால்ட் மாஸ்லெனின் ஒரே பிள்ளையாக. சின்ன வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். எதிர்முனையில் இருப்பவர்கள் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களாம். "ஏம்பா, பக்கத்துல மாடு நிக்குதா?" என்று ஒருத்தன் கேட்டானாம். அன்றைக்கு ராத்திரியே ரேடியோவில் செய்தி வாசிப்பவர்களைக் கேட்டுக் கேட்டு நாக்கைத் திருத்த ஆரம்பித்தவன், சொந்தக் குரலை அடியோடு தொலைத்துவிட்டான். இதை அவனே ஒருநாள் பெருமையாகச் சொன்னான். இதில் என்ன பெருமை என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

தொலைத்த குரலை ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பான். அவன்தான் ஒபதியாக் கிழவன், சிட்னி தானே ஜோடித்த பட்டிக்காட்டு மாட்டுக்காரன். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் 'எங்கே' என்று கேட்க மாட்டார்கள், 'எங்கனக்குள்ள' என்பார்கள். சிட்னி அந்த ஒரு வார்த்தையை இழுத்து, ரகரத்தை உருட்டி, தொண்டையைக் கரகரத்து ஒபதியாவாகப் பேசினால் வண்டியே குலுங்கும். ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் எங்களைப் பற்றி எழுதிப் போடுகிறவர்கள் கல்லைப் பற்றி ஒரு வரியும் ஒபதியாவைப் பற்றி நாலு வரியும் எழுதுவார்கள். முதலாளியம்மாவுக்கும் ஒபதியா என்றால் உயிர்.

போன மே மாதம் சிட்னியின் மகள் தாம்சின் எனக்குப் போன் போட்டாள்.

"லின், தாத்தாவுக்குப் பொறந்தநாள். அப்பா வேலை செய்யறதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. சீட் போட்டுட்டேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது, இறங்கும்போது பார்த்து அசந்து போகட்டும்."

நல்ல காரியம்தானே, சரி என்றேன். சிட்னி காப்பி வாங்கப் போன நேரம் பார்த்துத் தாம்சின் தாத்தாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். சின்ன உருவம். இஸ்திரி போட்ட கோட்டு, கல்யாணத்துக்குப் போகிறவரைப் போலக் கழுத்தில் டை. வண்டிக்குள் எட்டிப் பார்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எங்கனக்குள்ள ஒக்காரட்டும்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னப் பின்ன பார்த்திராத மனிதர், ஆனால் அந்தக் குரல் எனக்கு மனப்பாடம். அதே இழுப்பு, அதே கரகரப்பு. ஒபதியா ஜோடித்த ஆளே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் சிட்னி காப்பியோடு வருவது தெரிந்தது. பெரியவர் கடைசி சீட்டில் போய், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குகிறவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். உதட்டோரம் சிரிப்பு. சிட்னி தலைகளை எண்ணினான், சரியாக இருந்தது, கிளம்பினோம்.

ஊரைத் தாண்டியதும் மைக்கை எடுத்தான்.

"நண்பர்களே, கற்களைப் பார்ப்பதற்கு முன் நம் ஒபதியாவைப் பார்த்துவிடுவோம். லண்டன் கனவான் ஒருவர் ஸ்டோன்ஹெஞ்சுக்கு வருகிறார். பக்கத்து வயலில் ஒபதியா பால் கறந்துகொண்டிருக்கிறான். 'பெரியவரே, இந்தக் கற்கள் எப்படி வந்தன?' என்று கேட்கிறார்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரலை மாற்றினான்.

"'யாருக்குய்யா தெரியும்? நா வேலைக்கு வரும்போதே இங்கன கெடந்துச்சு. எங்க மொதலாளி தொழுவம் கட்ட ஆரம்பிச்சிருப்பாரு. அந்தாளு என்னைக்கு எதைக் கூரை வரைக்கும் கட்டுனாரு?'"

வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்த்தேன். பெரியவர் தொப்பியைத் தூக்கிவிட்டிருந்தார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார்.

"நம்ம ஒபதியா போய்விடவில்லை. கதீட்ரலில் பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் மறுபடி வருவான், காத்திருங்கள்" என்றான் சிட்னி. முன் சீட்டில் சிவப்புக் கோட்டுப் போட்டிருந்த கனடாக்காரி வின்னி கைதட்டினாள்.

ஸ்டோன்ஹெஞ்ச் வாசலில் சிட்னி வழக்கம்போலக் கதவருகில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கினான். கடைசியாகப் பெரியவர் வந்தார். சிட்னியின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்ததை நான் என் சீட்டிலிருந்தே பார்த்தேன்.

"யப்..." என்றவன், வின்னி இரண்டடி தள்ளி நிற்பதைப் பார்த்து அப்படியே விழுங்கினான்.

"பார்த்து இறங்குங்கள் சார்" என்றான்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. "இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று வின்னி கேட்டாள். தலையாட்டல். "எந்த ஊரு உங்களுக்கு?" காதில் விழாதவர் மாதிரி கல்லின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகளைப் பார்த்தார். பாவம், ஊமை போலிருக்கிறது என்று அவள் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தாள். அன்றைக்கு சிட்னி கற்களைப் பற்றிச் சொன்னதில் பாதி தப்பு. நான் இத்தனை காலமாகக் கேட்டவள், எனக்குத் தெரியாதா?

ஏவ்பரியில் ஆடுகள் மேயும் புல்வெளியிலேயே கற்கள் நிற்கும், யார் வேண்டுமானாலும் சாய்ந்து உட்காரலாம். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் பெரியவர் ஒரு கல்லடியில் உட்கார்ந்து தாம்சின் கட்டிக்கொடுத்த சீஸ் சாண்ட்விச்சைப் பிரித்தார். நான் ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோனபோது சிட்னி அவர் முன்னால் குந்தியிருந்தான்.

"தாம்சின் வேலையா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா?"

பெரியவர் சிரித்தார்.

"ஏன்ப்பா பேசவே மாட்டேங்கறீங்க?"

"பேசினா ஒன் பொழப்பு கெட்டுரும்டா. அந்தச் செவப்புக் கோட்டுக்காரி லேசுப்பட்டவ இல்ல, காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. வாயைத் தொறந்தா கண்டுபிடிச்சுருவா."

சிட்னி தலையைக் குனிந்துகொண்டான். "அது நீங்க இல்லப்பா. சும்மா ஒரு கதை."

"நல்லாத்தான் பண்ற. அம்புட்டுப் பேரும் சிரிக்காக. கடியாரத்துக் கதையும் அதுல இருக்கா? நாம மூணு பேரும் போனோமே, அன்னைக்கு நாஞ் சொன்னது?"

சிட்னி புல்லைப் பிடுங்கினான். அதிலேயே பதில் இருந்தது.

"இருக்கட்டும்" என்றார் பெரியவர். "அன்னைக்கு ஒங்காத்தாதான் ரொம்பச் சிரிச்சா." சாண்ட்விச்சைப் பாதி தின்றுவிட்டுக் காகிதத்தில் மறுபடி மடித்து வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டிக்குத் திரும்பும் வழியில் சிட்னியை மடக்கினேன்.

"இவர் எங்கப்பா. ரெண்டே வார்த்தை. சொல்றதுக்கு உனக்கு வாய் வலிக்குதா?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா லின்? இவ்வளவு நேரம் யாரைப் பார்த்துச் சிரிச்சோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோகும். நான் யாருன்னும் தெரிஞ்சுபோகும்."

"தெரியட்டுமே."

"கதீட்ரல்ல சொல்றேன். கடியாரத்துக்கிட்ட, கதைக்குப் பதிலா. சத்தியமா சொல்றேன்."

சொல்வான் என்றுதான் நம்பினேன். அதற்காகவே வண்டியைப் பூட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நானும் கதீட்ரலுக்குள் போனேன்.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரும்புச் சட்டமும் பல்சக்கரங்களும் கயிறும்தான். மணி காட்டும் முகம் கிடையாது, முள் கிடையாது, எண் கிடையாது. மணி மட்டும் அடிக்கும். எல்லாரும் அரைவட்டமாகச் சுற்றி நின்றார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"நண்பர்களே" என்றான் சிட்னி. "கதைக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். இன்று நம்மோடு..."

நிறுத்தினான். அப்பாவைப் பார்த்தான். பெரியவர் நிமிர்ந்து நின்று டையைச் சரி செய்துகொண்டார். அவரும் எதிர்பார்த்தார் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

"இன்று நம்மோடு... இந்தக் கடிகாரம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக..." என்று சக்கரம், கயிறு, எடை என்று எங்கெங்கோ போய்விட்டான். பெரியவரின் கை மெல்லக் கீழே இறங்கியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் வின்னி. "ஒபதியா எங்க? வருவான்னு சொன்னீங்களே!"

"ஆமா, ஒபதியா, ஒபதியா!" என்று மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

சிட்னி தொண்டையைக் கனைத்தான். "ஒபதியா தன் மனைவியோடு கதீட்ரலுக்கு வருகிறான். கடிகாரத்தைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி கனைத்தான். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. எல்லாரும் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ செருமினார்கள்.

அப்போது ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"அட, இதுக்கு மூஞ்சி எங்கனக்குள்ள?"

பெரியவர்தான். எல்லாரும் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னார்.

"கோயில்காரரு சொன்னாரு, 'மூஞ்சியெல்லாம் கெடையாதுய்யா, அடிக்க மட்டும் அடிக்கும்'னு. நாஞ் சொன்னேன், 'அப்ப எம் பொஞ்சாதியே தேவல. அவ அடிக்கிறதுக்கு முன்னாடி மூஞ்சியவாச்சும் காட்டுவா.'"

தேவாலயம் என்றுகூடப் பார்க்காமல் கைதட்டினார்கள். வின்னி அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அடேயப்பா, உங்களைப் பேச்சு வராதவர்னுல்ல நெனச்சேன்! சிட்னி, இவர் உங்களைவிடப் பிரமாதமாப் பண்றாரே! எங்க கத்துக்கிட்டீங்க சார்?"

"காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானம்மா வாரேன்" என்றார் பெரியவர். "ஐயா நல்லாச் சொல்லிக் குடுக்காரு."

அதற்கும் ஒரு சிரிப்பு. சிட்னியும் சிரித்தான். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மகனை இக்கட்டிலிருந்து இழுத்துவிட அந்த மனிதர் செத்துப்போன மனைவியையும் தன்னையும் சேர்த்துக் கூட்டத்தின் முன் வைக்கிறார், இவன் ஐயா வேஷத்தில் நின்று பல்லைக் காட்டுகிறான். நானாவது கத்தியிருக்க வேண்டும். எனக்கும் வாய் வரவில்லை, அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ரயில் நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். சிட்னி கதவருகில் நின்று ஒவ்வொருவரின் கையையும் குலுக்கினான். "உங்களோடு வந்ததில் மிக்க மகிழ்ச்சி. உங்களோடு வந்ததில் மிக்க மகிழ்ச்சி." பெரியவர் கடைசியாக இறங்கினார். சிட்னி அவர் கையைப் பிடித்தான், பிடித்துக்கொண்டே நின்றான். ஏதோ சொல்லத் தவித்தான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகிய வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"உங்களோடு வந்ததில் மிக்க மகிழ்ச்சி."

"எனக்குந்தான் சார்" என்றார் பெரியவர். கையை விடுவித்துக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, எதிர்ப்புறம் கிராமத்து பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.

சிட்னி கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கையையே பார்த்தான். பிறகு சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பிய்த்து வண்டிக்குள் எறிந்தான். நாலடி ஓடி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினான். அரண்மனைக் குரல் எங்கோ போய்விட்டது. ரகரம் உருண்டது, தொண்டை கரகரத்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போவதற்கு முந்தின குரல் அது.

"யப்போவ்! நில்லுங்கப்போவ்! எங்கனக்குள்ள போறீக?"

டாக்சிக்கு நின்றிருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அடுத்த நொடி கைதட்டலும் சிரிப்பும் வெடித்தன. "ஒபதியா! ஒபதியா!" என்று வின்னி துள்ளிக் குதித்தாள், போனை எடுத்துப் படம் பிடித்தாள். "ஐயோ இல்லீங்க, அவரு எங்கப்பா, நெசமாவே எங்கப்பா!" என்று அதே குரலில் சிட்னி அவர்களைப் பார்த்துக் கெஞ்சினான். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் பெரியவரும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பார். கதை இன்னும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவர் திரும்பவில்லை. நல்லாப் பண்ற என்கிற மாதிரி தலைக்கு மேலே கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.