மூன்று பூவன்பழம்

என் அத்தை வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். வாசலில் நின்று யார் எதை நீட்டினாலும் வாங்கக் கூடாது. எதிர்வீட்டு மாமி தீபாவளிக்குக் கொடுத்தனுப்பும் அதிரசம்கூட வந்த வழியே திரும்பிப் போய்விடும். மாமிக்கு அதில் தீராத கோபம். "எங்காத்துக்கு என்ன கேஸா இருக்கு, வழக்கா இருக்கு?" என்று கேட்பார். நாளைக்கு வந்தால் என்ன செய்வது என்பது அத்தையின் கட்சி.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. திருச்சியில் நீதிபதி. அவர் உட்கார்ந்த நாற்காலியில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. முசிறியில் வாழை போடுகிற குடும்பத்துப் பெண் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்றதும், "யாரோட சண்டை போடப் போகுது இந்தப் பொண்ணு?" என்று ஊரே கேட்டதாம். கோர்ட்டில் மார்புக்குக் குறுக்கே டவாலிப் பட்டை போட்ட சிப்பந்திக்குப் பழைய பழக்கம் விடவில்லை. மூன்று மாதம் அவரை 'ஐயா' என்றே கூப்பிட்டாராம். அத்தையும் திருத்தவில்லை.

அந்தச் சட்டத்துக்கு விலக்கு ஒன்றே ஒன்று. அப்பா அனுப்பும் வாழைத்தார். முசிறி பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏற்றிவிடுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரிக்‌ஷாக்காரர் இறக்கி, ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார். தண்டில் சருகைச் சுற்றி, வாழைநாரால் இரட்டை முடிச்சுப் போடுவது அப்பாவின் கட்டு. அத்தை முடிச்சைப் பார்த்துவிட்டுத்தான் தாரை உள்ளே எடுப்பார். அண்ணன் அனுப்பிய தாருக்கே இந்த விசாரணை!

எனக்கு அப்போது எட்டு வயது. சித்திரைத் தேர் பார்க்க வந்திருந்தேன். புதன்கிழமை தேர். அதற்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எனக்குத் தேர் ஞாபகம். அத்தைக்குத் தீர்ப்பு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் எழுதுவார், வெளியே வந்து கூடத்தில் முன்னும் பின்னுமாக நடப்பார், மறுபடி போய் எழுதுவார். தன் அப்பா சொத்தில் பங்கு கேட்டுத் தன் அண்ணன்மேல் ஒரு அம்மாள் போட்ட கேஸ், பதினோரு வருஷமாக இழுக்கிறது, செவ்வாய்க்கிழமை முடியப் போகிறது என்று மாமா சொன்னார். மாமா அத்தையின் கணவர், காலேஜில் கணக்கு வாத்தியார். எனக்குக் கேஸாவது மண்ணாவது. தேருக்குப் போட்டுக்கொள்ளப் பாவாடை தைத்து வந்துவிடுமா என்பதுதான் கவலை.

மாமா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். தோளில் பூவன்தார், மேல் சீப்பு பழுத்து மஞ்சளாகத் தொங்கியது.

"முசிறியிலேருந்து வருதும்மா, வாங்கி வெச்சுக்க."

"அப்பா கொடுத்தாங்களா?"

"ஆமாமா, அப்பாதான். சாப்பிட்டுப் பாரு பாப்பா, தேனா இருக்கும்."

அவரே ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். நான் தின்று முடிக்கும்வரை நின்றார். இன்னும் இரண்டு கொடுத்தார். அதையும் தின்றேன். என்ன நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன், போங்கள்! அவர் போன பிறகு தாரைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். வழக்கமாக வரும் ரிக்‌ஷாக்காரர் இவர் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. உடனே தோல் மூன்றையும் மாமாவின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன்.

காபிக்கு வெளியே வந்த அத்தை தாரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து தண்டைத் தொட்டார். நைலான் கயிறு.

"யாரு கொண்டாந்தா?"

"அப்பா அனுப்பினாங்களாம்."

"உங்கப்பா என்னிக்கும்மா நைலான் கயித்துல கட்டியிருக்கார்? இதுலேருந்து பழம் எதுவும் சாப்பிட்டியா?"

"இல்ல அத்தை."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். ஒரு பழத்துக்கு ஒரு பொய் என்று கணக்கும் சரியாக இருந்தது. மாமாவை எழுப்பி, தாரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று அத்தை பேசிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. அத்தைதான் எடுத்தார். எதிர்முனைக் குரல் கூடம்வரை கேட்டது.

"தார் வந்து சேர்ந்துச்சுங்களாம்மா? பாப்பா நல்லாச் சாப்பிட்டுச்சாம். சந்தோஷங்க." பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அத்தை ரிசீவரை வைத்தார்.

"அந்தக் கேஸ்ல இருக்கற அண்ணன்காரன்" என்றார் மாமாவிடம். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தாலாவது தேவலை.

சாயங்காலம் முழுக்க நடந்தார். அறைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அறைக்கும். மாமா பின்னாலேயே போனார்.

"கொழந்தை தெரியாம தின்ன பழம். இதுக்குப் போயி? எழுதினதை எழுதினபடி செவ்வாக்கிழமை படிச்சிட்டு வந்துடேன்."

"படிச்சா அந்தம்மா ஜெயிக்கும். மறுநாளே இவன் மனு போடுவான், எங்கிட்டயே தார் வாங்கின ஜட்ஜம்மா அந்தப் பக்கம் இன்னும் என்னென்ன வாங்கினாங்களோன்னு. தீர்ப்பு மொத்தமும் நாறிப்போகும்."

"நீ ஒதுங்கிட்டா அவன் நெனச்சதுதானே நடக்கும்? அந்தம்மா பாவமில்லையா?"

"பாவந்தான். எனக்குத் தெரியாதா? ஒரு ஆம்பளை ஜட்ஜ் வாங்கினார்னா அந்த ஆளு வாங்கினாருன்னு சொல்லுவாங்க. நான் வாங்கினேன்னு ஆனா, நாளைக்கு இந்த நாற்காலிக்கு வர்ற அத்தனை பொம்பளையும் வாங்கினவதான்."

இதெல்லாம் என் காதில் விழுந்தது. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பொய் சொன்னதற்கு என்னை முசிறிக்கு அனுப்பிவிடுவார்களா, தேர் போச்சா, இது ஒன்றுதான் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. அதற்கேற்றாற்போல் அத்தை உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'என் வீட்டில் தங்கியிருக்கும் குழந்தை, மூன்று பழங்கள்' என்று இருந்தது. செத்தேன். அப்பாவுக்குத்தான் எழுதுகிறார்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கடிதத்தோடு அத்தை கோர்ட்டுக்குப் போனார். மாமா ஸ்கூட்டரில் தாரை முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னாலேயே போனார். சாட்சிக்குப் போன அந்தத் தாரை யாரும் தொடவும் முடியாமல், தூக்கிப் போடவும் முடியாமல், அது கோர்ட் ஆபீஸிலேயே கனிந்து வழிந்ததாம். நான் அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன், என்னைக் கூட்டிப்போக அப்பாதான் வந்துவிட்டார் என்று. அப்பா வரவில்லை. சாயங்காலம் பாவாடைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அத்தை எனக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்தார். மறுநாள் தேராயிற்றே. கொல்லையில் வெந்நீர் அடுப்பு. அதன்முன் உட்கார்ந்து, மடியில் ஒரு கத்தைக் காகிதத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். எல்லாம் அவருடைய குண்டுக் கையெழுத்து. முகத்தில் புகை அடித்தும் அவர் நகரவில்லை.

"என்னைப் பத்தி எழுதினதா அத்தை?"

இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"உன்னைப் பத்தி இல்லடா. ஒரு அம்மாவைப் பத்தி."

"நானும் போடறேன்."

"போடு. படிக்காம போடணும்."

நான் அவர் சொன்னதை நம்பவில்லை. என்மேல் எழுதிய புகார்தான் எரிகிறது, அத்தை என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். குஷியில் நாலைந்து தாளைச் சேர்த்துச் சுருட்டிப் போட்டேன். மறுநாள் மாமா தோளில் உட்கார்ந்து தேரும் பார்த்தேன்.

அத்தை மாவட்ட நீதிபதியாகி, ஐந்தாறு ஊர்களில் இருந்துவிட்டு, ஸ்ரீரங்கத்துக்கே வந்து ஓய்வு பெற்றார். மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு மாமி ஒரு தட்டு அதிரசத்தோடு வந்து நின்றதும், அத்தை வாங்கிக்கொண்டு அழுததும் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். சென்ற மாதம் போயிருந்தபோதுதான் அந்தக் காகிதங்களைப் பற்றிக் கேட்டேன். நானும் இப்போது வக்கீல். கேட்கும்போதே பதில் பாதி தெரிந்துவிட்டது.

அன்றைக்கு எழுதிய கடிதம் அப்பாவுக்கு இல்லை, தன்னைக் கேஸிலிருந்து விடுவிக்கச் சொல்லி மேல் நீதிபதிக்கு. கேஸ் வேறு கோர்ட்டுக்கு மாறி, முதலிலிருந்து வாதம் கேட்டு, இன்னும் ஏழு வருஷம் ஓடியதாம். அந்த அம்மாளுக்குத்தான் பங்கு என்று தீர்ப்பானது. வாங்கிக்கொண்டது மகள். அம்மாள் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நாற்பத்திரண்டு பக்கம். நான் எழுதினதுலயே அதுதான் நல்ல தீர்ப்பு" என்றார் அத்தை. "யாரும் படிக்கல."

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குளித்தது அந்த நாற்பத்திரண்டு பக்கத்தை எரித்துக் காய்ச்சிய தண்ணீரில்தான். சூடு போதவில்லை அத்தை என்று குறை வேறு சொன்னேன்.